'வென்' என்ற சொல்லில் ஹெச்சுக்கு என்ன வேலை?

'எப்போது' என்பதற்கு ஆங்கிலத்தில் 'வென்' என்றுதானே சொல்கிறோம், எழுதும்போது மட்டும் டபிள்யூவுக்குப் பின்னால் ஒரு ஹெச் எதற்கு? ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் இப்படிக் கேட்டதாக ஒரு வாசகர் எழுதியிருந்தார். அருமையான கேள்வி. ஒரு காலத்தில் அந்த ஹெச்தான் சொல்லின் முதல் ஒலி.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் 'ஹ்வன்னெ'. எழுத்திலும் ஹெச் முதலில், டபிள்யூ பிறகு. 1066இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பின், ஏடு எழுதியவர்கள் இரண்டையும் இடம் மாற்றிவிட்டார்கள். ஒலி அப்படியேதான் இருந்தது. ஸ்காட்லாந்தில் இன்றும் பலர் காற்றோடு 'ஹ்வென்' என்கிறார்கள். உள்ளங்கையை உதட்டுக்கு முன்னால் வைத்துச் சொல்லிப் பாருங்கள், மூச்சு கையில் படும்.

சரி, அந்த 'ஹ' எங்கிருந்து வந்தது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 'எப்போது' என்பதற்கு லத்தீனில் 'குவாண்டோ', சமஸ்கிருதத்தில் 'கதா'. வேர் ஒன்றுதான், தொடக்கம் 'க'. ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் மட்டும் அது தேய்ந்து 'ஹ' ஆனது. எப்படித் தேயும்? 'கல்' என்று சொல்லுங்கள். அடிநாக்கு அண்ணத்தில் ஒட்டி, காற்றை முழுக்க அடைத்துவிட்டுப் பிறகு திறக்கிறது. இப்போது 'மகன்' என்று சொல்லுங்கள். எழுத்து அதேதான், ஆனால் நாக்கு சரியாக ஒட்டுவதில்லை. இடுக்கு வழியே காற்று கசிகிறது. நம் வாயில் சொல்லின் நடுவே நடப்பது, அங்கே சொல்லின் முதலிலேயே நடந்தது.

ஒரு சொல்லில் மட்டும் என்றால் தற்செயல் எனலாம். கொம்புக்கு லத்தீனில் 'கோர்னு', ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. நூறு அங்கே 'கெண்டும்', இங்கே 'ஹண்ட்ரட்'. நாய் 'கனிஸ்', இங்கே 'ஹவுண்ட்'. டென்மார்க்கின் மொழியியலாளர் ராஸ்க் 1818இலேயே கவனித்த இந்த ஒழுங்கை 1822இல் விதியாக வகுத்துக் காட்டியவர் யாக்கோப் கிரிம். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களில் மூத்தவர்.

இதனால்தான், 'வென்' நம் 'என்று' என்பதிலிருந்து பிறந்தது என்று யாராவது பெருமையோடு சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. காதுக்கு ஒன்றுபோல் கேட்பது சான்றாகாது. சொல்லுக்குச் சொல் ஒரே விதி ஓட வேண்டும். உண்மையான அழகு வேறு இடத்தில் இருக்கிறது. நாம் அன்று, என்று எனச் சுட்டும் வினாவுமாக முதல் எழுத்தை மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் 'தென்' (அப்போது), 'வென்' (எப்போது) என்கிறார்கள். 'தேர்' (அங்கே), 'வேர்' (எங்கே) ஜோடியும் அப்படித்தான். உறவே நிறுவப்படாத இரண்டு மொழிக் குடும்பங்களில் ஒரே உத்தி!

பழைய ஆங்கிலத்தில் 'ஹ்வன்னெ' பெரும்பாலும் கேள்விக்குத்தான். 'அவன் வந்தபோது' என்று நடந்ததைச் சொல்ல 'தா' என்று வேறொரு சொல் இருந்தது; அந்த வேலையை 'வென்' அப்புறம்தான் எடுத்துக்கொண்டது. 'அதைவிட' என்று ஒப்பிட ஆங்கிலத்தில் பயன்படும் 'தேன்' என்ற சொல்கூட, 'தென்' என்பதிலிருந்து பிரிந்ததுதான்.

'வைல்' என்ற சொல்லிலும் ஹெச் உண்டு, ஆனால் அது வினாச்சொல் அல்ல. பழைய வடிவம் 'ஹ்வீல்'. பொருள், கொஞ்ச நேரம். 'வெயிட் எ வைல்' என்னும்போது இன்றும் அதே பொருள்தான். அந்த ஹெச்சுக்கும் அடியில் ஒரு 'க' இருக்கிறது: லத்தீனில் ஓய்வைக் குறிக்கும் 'குயீஸ்' இதற்கு உறவு.