வெயில் எச்சரிக்கை வந்தால் நாம் எதையெல்லாம் கேட்கலாம்?

தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்தவர்களுக்குத் தெரியும், பத்து மணிக்கெல்லாம் தார்ச்சாலை பாதத்தைச் சுட ஆரம்பித்துவிடும். வழிநெடுகத் தண்ணீர்ப் பந்தல் இருப்பதால் சமாளிக்கிறோம். ஜனவரியும் பிப்ரவரியும் பினாங்கில் மழை குறைந்த மாதங்கள். அப்புறம் ஏப்ரல் வரை தீவிலும் பெருநிலத்திலும் வெயில்தான். அந்த நாட்களில் வேலை செய்கிறவனுக்கு யார் பந்தல் போடுவது? அதற்கும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் நம்மிடையே குறைவு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை, நாம் மெட் மலேசியா என்று சொல்வது, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் வெப்ப எச்சரிக்கை நிலையை அறிவிக்கிறது. அறிவிப்பு மலாயில் வரும். தாஹாப் 1, பெர்ஜாகா-ஜாகா என்றால் முதல் நிலை: ஒரு நாளின் உச்ச வெப்பம் 35 முதல் 37 டிகிரி வரை, தொடர்ந்து 3 நாள். தாஹாப் 2, கெலோம்பாங் ஹாபா என்றால் வெப்ப அலை: 37 முதல் 40 டிகிரி வரை, அதுவும் தொடர்ந்து 3 நாள். 40 டிகிரியைத் தாண்டி 3 நாள் நீடித்தால் மூன்றாம் நிலை. இந்த நாட்டில் பதிவான ஆக அதிக வெப்பம் 40.1 டிகிரி, பெர்லிஸ் சுப்பிங்கில் 1998 ஏப்ரல் 9ஆம் தேதி. அது எல் நினோ ஆண்டு, அதாவது பசிபிக் கடல் சூடேறி நம் பக்கம் வறட்சி வரும் ஆண்டு.

"தொடர்ந்து 3 நாள்" என்பதைக் கவனியுங்கள். முதல் நிலை என்று ஓர் ஊரின் பெயர் வரும்போது அங்கே வேலை செய்தவர்கள் ஏற்கெனவே 3 நாள் வெந்திருப்பார்கள். இன்னொன்று, இந்த டிகிரி நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவது. தகரக் கூரைக்கு அடியிலோ கப்பி ரோட்டிலோ அளப்பதில்லை. காற்றின் ஈரப்பதமும் இந்தக் கணக்கில் சேராது. பட்டர்வொர்த் மாதிரி கடலோர ஊரில் வியர்வை உடம்பை விட்டுக் காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது. அதனால் 34 டிகிரி, எச்சரிக்கை எதுவும் இல்லை என்ற நாளிலும் ஆள் மயங்கி விழலாம்.

ஆகவே எச்சரிக்கை நிலை அறிவிப்புக்காகக் காத்திருக்காமல், அதே துறை தரும் 7 நாள் முன்னறிவிப்பைப் பாருங்கள். துறையின் இணையத்தளத்திலும் மைசுவாச்சா (myCuaca) செயலியிலும் இலவசமாகவே கிடைக்கிறது. வரும் வாரம் முழுக்க மழையில்லை, 34, 35 என்று காட்டினால், கேட்க வேண்டியதைக் கேட்க அதுதான் நேரம்.

சரி, யாரிடம் என்ன கேட்பது?

முதலில் வேலையிடம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. வீட்டுப் பணியாளர்கள் போன்ற சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு. வேலையில் உள்ள ஆபத்தை முன்கூட்டியே கணித்துக் குறைப்பது முதலாளியின் கடமை. வெயிலும் ஆபத்துதான். வேலையிட வெப்பத்தை எப்படிக் கையாள்வது என்று வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016இலேயே தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது. குடிதண்ணீர், நிழல், இடையிடையே ஓய்வு, கடுமையான வேலையைக் காலையிலோ மாலையிலோ வைப்பது, எல்லாம் நியாயமாகக் கேட்கக்கூடியவை. திருத்தத்தில் வந்த 26ஏ பிரிவு இன்னும் முக்கியம். உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தால் தொழிலாளி முதலாளியிடம் சொல்ல வேண்டும். சொல்லியும் அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம். அப்படி விலகியதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. சும்மா "வெயில் அடிக்குது" என்று கிளம்பிவிட இது இடம் தராது. தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது, பக்கத்தில் ஒருவர் சாய்ந்துவிட்டார் என்ற நேரத்துக்கானது இது. முன்னறிவிப்பின் படத்தைக் காட்டி, சூப்பர்வைசருக்கு வாட்சப்பில் எழுதி வைத்துவிடுங்கள். வாய்ப்பேச்சு நிற்காது.

என் சித்தப்பா பெருநிலத்தில் உள்ள பிறை என்ற ஊரில் லோரிக்குச் சரக்கு ஏற்றுகிறவர். இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டு வேலைக்குத் திரும்பிய முதல் நாளே விழுந்தார். இருபது வருஷமாக வெயிலில் நின்றவருக்கு இப்படி ஆகுமா என்று எல்லோரும் கேட்டோம். ஆகும். உடம்பு வெயிலுக்குப் பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரம் வேண்டும். இடைவெளி விட்டால் அந்தப் பழக்கம் கரைந்துவிடும். புதிதாகச் சேர்ந்தவரும் லீவு முடிந்து வந்தவரும் முதல் வாரம் முழுச் சுமை ஏற்கக் கூடாது. இதை எங்களுக்கு முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் சித்தப்பா மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்திருக்க மாட்டார்.

அடுத்து பள்ளிக்கூடம். 2016இல் பெர்லிஸிலும் கெடாவின் சில பகுதிகளிலும் வெயிலுக்காகப் பள்ளிகளை மூடினார்கள். 2023இல் கிளந்தானில் 11 வயதுப் பையன் ஒருவன் வெப்பத்தாக்கத்தில் இறந்தான். உங்கள் தமிழ்ப்பள்ளியில் பங்குனி வெயிலில் விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடந்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கம் முன்னறிவிப்போடு போய்த் தலைமையாசிரியரிடம் பேசட்டும். பெரும்பாலும் அவர்களே நேரத்தை மாற்றிக்கொள்வார்கள், கேட்க ஆள் இருந்தால்.

ஒருவர் வெயிலில் உளறினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால் உடனே 999. வண்டி வரும்வரை நிழலில் படுக்க வைத்து, சட்டையைத் தளர்த்தி, தண்ணீரை உடம்பில் ஊற்றி விசிறுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. சாதாரணக் களைப்பு, தலைவலி, தசைப்பிடிப்பு என்றால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகலாம். குடிமக்களுக்கு வெளிநோயாளி சிகிச்சை 1 வெள்ளி (ரிங்கிட்), மருந்தும் அதற்குள். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களை வெயில் சீக்கிரம் வாட்டும். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல், கோடை வருவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையையும் முன்னறிவிப்பில் பாருங்கள். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை காய்ந்த பூந்தொட்டித் தட்டிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தண்ணீர் பட்டதும் பொரித்து, 7 முதல் 10 நாளில் கொசுவாகிவிடும். ஆக மழை விழுந்த அந்த வாரமே தட்டையும் தகரத்தையும் கவிழ்த்தால் ஒரு தலைமுறைக் கொசு போச்சு. 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி, வீட்டில் கொசுப்புழு கண்டால் நீதிமன்றம் போகாமலே 500 வெள்ளி வரை அபராதம் போடலாம். காய்ச்சல் வந்தால் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் டிங்கியில் இரத்தக்கசிவைக் கூட்டும். டாக்டர் டிங்கி என்று கண்டால் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். பக்கத்து வீடுகளில் சோதனையும் புகையடிப்பும் அதற்குப் பிறகுதான் நடக்கும்.

புகைமூட்டத்துக்கு வேறு கணக்கு. சுற்றுச்சூழல் துறை மணிக்கு மணி காற்று மாசுக் குறியீட்டெண்ணை வெளியிடுகிறது. 100ஐத் தாண்டினால் பள்ளியில் வெளி நடவடிக்கை கிடையாது, 200ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும். ஆஸ்துமா பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பள்ளிக்குக் கிளம்புமுன் அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் தவறவிடுவது. பினாங்கு என்று பொதுவாகப் பார்க்காதீர்கள். மாநிலத்தில் 5 மாவட்டங்கள். தீவில் மழை பெய்யும்போது பெருநிலம் காய்ந்து கிடப்பதுண்டு. வீடு தீவின் ஆயர் ஈத்தாமில், வேலை பிறையில் என்றால் செயலியில் நீங்கள் பார்க்க வேண்டியது பிறை இருக்கும் மாவட்டமான செபராங் பிறை தெங்கா.