புறநகர் ரயில் எந்த வழியில் போகும், எங்கே நிற்கும்: முடிவு யார் கையில்?

சென்னையின் தெற்குப் புறநகரான கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. ஜிஎஸ்டி சாலையைத் தாண்டினால் தண்டவாளம். மின்சார ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நிற்க நிலையம்தான் இல்லை. விடியற்காலையில் மதுரைப் பேருந்திலிருந்து இறங்கியவர் மூட்டை முடிச்சோடு வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது.

முனையத்தைக் கட்டியது மாநில அரசின் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ). தண்டவாளம் மத்திய அரசின் ரயில்வேக்குச் சொந்தம். உள்ளூர்ப் பேருந்துக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம், மெட்ரோவுக்குத் தனி நிறுவனம். பயணிக்கு இதெல்லாம் ஒரே பயணம். கோப்புகளோ நாலு அலுவலகத்தில்.

இவர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவரத்தான் 'கும்டா' என்கிற சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம். சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. முதலமைச்சர் தலைமையில் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். இடையில் போன வருடங்களுக்கு யாரைக் கேட்பது!

நகரம் முழுவதற்குமான போக்குவரத்துத் திட்டத்தைத் தயாரிப்பது கும்டாவின் முக்கிய வேலை. எந்தத் தடத்துக்கு ரயில், எதற்குப் பேருந்தே போதும் என்பதை அதில்தான் பார்க்க வேண்டும். 2017-ன் தேசிய மெட்ரோ ரயில் கொள்கையும் இதை வற்புறுத்துகிறது: மெட்ரோவுக்கு மத்திய உதவி வேண்டுமென்றால் இப்படியொரு திட்டமும் குழுமமும் இருக்க வேண்டும், மாற்று வழிகளை ஒப்பிட்டுக் காட்டவும் வேண்டும்.

சரி, கும்டா சொன்னால் புறநகர் ரயில் பாதை வந்துவிடுமா? வராது. புதுப் பாதைக்கு ரயில்வேயின் ஒப்புதல் வேண்டும். மாநிலம் பணம் போடலாம், நிலம் எடுத்துக் கொடுக்கலாம். தூண்கள்மேல் போட்ட பாதையில் ஓடும் பறக்கும் ரயிலை வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டும் வேலை அப்படித்தான் நடந்தது. செலவில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலத்துடையது. மொத்தமே 5 கி.மீ. 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கம் பக்கம் சுமார் அரை கி.மீ. நிலம் வழக்கில் சிக்கியதால் வருடக்கணக்கில் நின்றது. தூண்கள் மட்டும் வெயிலில் காய்ந்தன.

2025 செப்டம்பரில் கும்டா கொண்டுவந்த 'சென்னை ஒன்' செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் டிக்கெட் எடுக்கலாம். டிக்கெட்டை இணைப்பது, பாதையை இணைப்பதைவிடச் சுலபம்தானே.

அப்புறம், மனு கொடுக்கப் போகிறவர்களுக்கு: ரயில் நேரம், கூடுதல் ரயில் என்றால் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம். நிலைய வாசலுக்கு இணைப்புப் பேருந்து வேண்டுமென்றால் மாநகரப் போக்குவரத்துக் கழகம். இரண்டும் சேர்ந்த சிக்கலா? இரண்டு இடத்திலும் கொடுத்துவிட்டு, கும்டாவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.