"அதான் தண்ணி ஓடுதுல்ல?"

ஜூன் 14-இல் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போனதும் கடலூர் முதுநகர்ப் பக்கம் பட்டறைக்கு வருகிற முதல் சாமான், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர்தான். ஒரே படகுக்கு மூன்றாவது தடவை மாற்றும்போதும் "சரக்கு சரியில்ல" என்கிறார்கள். சரக்கு சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு, காற்றோட்டம் இல்லாத இன்ஜின் ரூமில். இன்ஜின் ரூம் மூடியைப் பாருங்கள், மேலே வலை குவிந்து கிடக்கும். காற்றுக் குழாயின் வாயில், தண்ணீர் தெறிக்கிறது என்று ஒரு கோணிச் சாக்கு.

கேட்டால் ஒரே பதில்: "கடல்தண்ணி ஓடுது, சூட்டு மீட்டர் 80-லயே நிக்குது, அப்புறம் என்ன சூடு?"

ஓனர்களே, அந்தத் தண்ணீர் இன்ஜினின் உள்சூட்டை மட்டும்தான் கொண்டுபோகிறது. தண்ணீர் சுற்றாத புகைக்குழாய், இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி ஊட்டுகிற டர்போ, இன்ஜின் பிளாக்கின் வெளிப்பக்கம் எல்லாம் கக்குகிற சூடு ரூமுக்குள்ளேதான் நிற்கும். அதை வெளியே கொண்டுபோகக் காற்றை விட்டால் ஆள் இல்லை. மீட்டரின் சென்சார் உட்கார்ந்திருப்பது தண்ணீருக்குள். ரூம் எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. மீட்டர் 80 காட்டி அமைதியாக இருக்கும்போதே ரூம் காற்று 65 டிகிரியைத் தொட்டிருக்கும். ஆல்டர்னேட்டரின் விசிறியும் அந்த 65 டிகிரிக் காற்றைத்தான் இழுத்துத் தன்னைக் 'குளிர்வித்து'க்கொள்கிறது! சாதாரண பிவிசி ஒயரின் தாங்குதிறனே 70 டிகிரி. பெல்ட் விறைத்து வெடிக்கும், பேட்டரித் தண்ணீர் வற்றும்.

6 லிட்டர் இன்ஜின் 1,800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 1,800 சுற்று) நிமிடத்துக்குச் சுமார் 4,500 லிட்டர் காற்றைக் குடிக்கும். மாடியில் வைக்கிற 1,000 லிட்டர் தொட்டி நாலரை, ஒவ்வொரு நிமிடமும். டர்போ இருந்தால் இன்னும் அதிகம். 30 டிகிரிக் காற்று 60 ஆனால் அதன் அடர்த்தி 9 சதவீதம் குறையும். டீசல் முழுசாக எரியாமல் கரும்புகையாகப் போகும். அந்தக் காசும் உங்களுடையதுதான்.

4 அங்குலக் குழாய் ஒன்று இதற்குப் பத்தாது. உள்ளே வருவதற்கு 6 அங்குலம் இரண்டு, அணியம் (படகின் முன்பக்கம்) பார்த்து. குழாயின் அடிமுனை, படகின் அடியில் தேங்குகிற அடித்தண்ணிக்கு ஒரு சாண் மேலே நிற்கட்டும். வெளியேற 6 அங்குலம் ஒன்று, அமரத்துப் பக்கம் (பின்பக்கம்), கூரையின் உச்சியிலிருந்து. காற்றைத் தள்ளுகிற புளோயரை இதில் வையுங்கள், தனி பியூஸோடு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெளியே போன சூடே திரும்பி உள்ளே வரும். தெறிக்கும் தண்ணீருக்குச் சாக்கு வேண்டாம். குழாய் வாயை ஒரு பெட்டிக்குள் வளைத்து, பெட்டியின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டால் போதும்.

சோதிக்க வெப்பமானிகூட வேண்டாம். மூடியைச் சாத்தி முழு வேகத்தில் ஓட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே மெல்லத் தூக்கிப் பாருங்கள். யாரோ கீழிருந்து இழுக்கிற மாதிரி மூடி கனத்து, திறந்ததும் ஆர்பிஎம் ஏறினால் இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

கரைக்கு வந்ததும் சாவியைத் திருப்பிவிட்டு ஓடாதீர்கள், தம்பிகளா. ஐந்து நிமிடம் ஐடிலில் விடுங்கள். அணைத்த பிறகும் பதினைந்து நிமிடம் புளோயர் ஓடட்டும். தண்ணீர் நின்றதும்தான் ரூம் சூடு உச்சத்துக்கு ஏறும். புகைக்குழாய்க்குக் கண்ணாடியிழை நாடா சுற்றுங்கள். குழாய்களை இணைக்கிற பிளாஞ்ச் ஓரத்தில் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது. அந்த ரூம் பக்கத்தில் யாரும் படுத்துத் தூங்கவே கூடாது.

"டீசல்தானே, சட்டுனு பத்தாது" என்பதும் வேண்டாம். பங்க்கில் வாங்குகிற டீசலுக்கு விதி கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலையே (பொறி பட்டால் அதன் ஆவி பற்றுகிற சூடு) 35 டிகிரிதான். உங்கள் ரூம் அதைத் தாண்டி எவ்வளவோ நேரமாகிறது.

தீப்பிடித்துவிட்டால் மட்டும் கணக்கு தலைகீழ். மூடியைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள். இன்ஜினையும் புளோயரையும் நிறுத்தி, டீசல் வால்வைப் பூட்டி, எல்லாக் காற்று வழியையும் அடைத்துவிடுங்கள். அதற்கு ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு தகர மூடியைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிடுங்கள். வெளியே, கை எட்டுகிற இடத்தில்.