இழையம்: 'திசு'வுக்கு உள்ளே இருக்கும் நெசவு

திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழை போடுகிறவரிடம் "கட்டையா, திசுவா?" என்று கேட்டால் உடனே புரியும். தாய்மரத்தடியில் பெயர்த்த கன்று கட்டை. ஆய்வகக் குப்பியில், திசு வளர்ப்பு முறையில் வளர்ந்து வந்தது திசு.

'திசு' ஆங்கில டிஷ்யூவின் ஒலிபெயர்ப்பு. அது பழைய பிரெஞ்சு வழியே வந்த சொல். 'நெய்யப்பட்டது' என்று பொருள். வேர், லத்தீனில் நெய்தலைக் குறிக்கும் 'டெக்ஸெரே'. 1800 வாக்கில் பிரெஞ்சு மருத்துவர் பிஷா, நுண்ணோக்கி இல்லாமலே உடலை ஆராய்ந்து 21 வகைத் திசுக்களைப் பிரித்துக் காட்டினார். துணியின் பெயர் உடலுக்கு நிலைத்தது அப்படித்தான்.

ஈழத்துப் பாடநூல்களில் இது இழையம். இழை என்றால் நூல். எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கும். திருபுவனத்துப் பட்டுத்தறியில் பாவுக்குள் ஊடு புகுந்து புகுந்து வருவதைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

செல்களும் இப்படிப் பின்னித்தான் வேலை செய்கின்றன. நம் கொல்லையில் தானாக முளைக்கும் நித்தியகல்யாணியை எடுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய் மருந்துகளான வின்பிளாஸ்டினும் வின்கிரிஸ்டினும் அதன் இலையிலிருந்து கிடைப்பவை. அவற்றுக்கு வேண்டிய மூலப்பொருளான வின்டோலின் ஒரே செல்லில் உருவாவதில்லை. இலையின் மேல்தோல் செல்களில் ஒரு பகுதி வேலை, உள்ளே பால் நிறைந்த பால்செல்களில் கடைசி வேலை. இலைத்துண்டைக் குப்பியில் இட்டால் முதலில் வருவது கேலஸ், உருவம் பிரியாத செல் குவியல். அதில் வின்டோலினை எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் வெப்பநிலை. குப்பிகளை வைக்கும் வளர்ப்பறையைப் பொதுவாக 25 டிகிரி செல்சியஸை ஒட்டி வைப்பார்கள். சித்திரை வெயில் 38ஐத் தாண்டும் நம் ஊரில், குளிரூட்டி நின்றால் வளர்ப்பும் கெடும். விளக்கடியில் குப்பியின் உள்சூடு அறையைவிடக் கூடுதலாக இருக்கும். சுவரில் மாட்டிய வெப்பமானியை மட்டும் நம்பக் கூடாது.

ஆனால் வளர்ச்சிக்கு ஏற்ற சூடே மருந்துக்கும் ஏற்றது என்று சொல்ல முடியாது. நித்தியகல்யாணிச் செல்களைத் திரவத்தில் வளர்த்துப் பார்த்தபோது, 27 டிகிரியைவிட 16 டிகிரியில் அல்கலாய்டு (செடி உண்டாக்கும் ஒருவகை வேதிப்பொருள்) அதிகம் சேர்ந்ததாக 1980இல் பதிவாகியிருக்கிறது. குளிரில் செல் பெருகுவது மந்தமாகும். அதனால் முதலில் பெருகவிட்டு, பிறகு வெப்பத்தைக் குறைத்துச் சேரவிடும் இரண்டு கட்ட முறையும் உண்டு. செடிக்குச் செடி இந்தக் கணக்கு மாறும்.

சரி, எப்படி எழுதலாம்? வாழைக்கன்று பேச்சில் திசு இருக்கட்டும். எழுத்தில் 'இழைய வளர்ப்பு' என்றால் பொருள் தெரியும். கேலஸை மட்டும் இழையம் என்று எழுத வேண்டாம். அங்கே இன்னும் நெசவு தொடங்கவில்லை. 'செல்திரள்' போதும்.