பதில் ஏன் ராத்திரிதான் வருகிறது?

நான்கு பேர் முன்னால் ஒருவன் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அன்று ராத்திரி பாயில் புரளும்போதுதான், 'இப்படிச் சொல்லியிருக்கலாமே' என்று ஒன்றுக்கு மூன்று பதில்கள் வருகின்றன. என் பள்ளி நாட்களில் அப்படித் தாமதமாக வந்தவற்றை எழுதி வைத்திருந்தால் ஒரு நோட்டே நிறைந்திருக்கும். அதைக் கோழைத்தனம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

உண்மையில் அது மூளை வேலை செய்கிற விதம். ஆபத்து என்று பட்டதும் அமிக்டலா என்ற பாதாம்பருப்பு அளவுப் பகுதி உடலை உஷார்ப்படுத்துகிறது. முதலில் உடல் அப்படியே உறைகிறது. ஓடுவதா எதிர்ப்பதா என்பதெல்லாம் அப்புறம். அதே நேரம் நார்அட்ரீனலின், டோபமைன் என்ற ரசாயனங்கள் மூளையில் ஏறுகின்றன. ஓரளவு ஏறினால் கவனம் கூர்மையாகும். அளவு மீறினால் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை மந்தமாகிவிடும். யோசித்து, சொல் பொறுக்கி, புதிதாக ஒரு வாக்கியம் கட்டுவது அந்தப் பகுதியின் வேலை. அது படுத்துவிட்ட பிறகு சாமர்த்தியமான பதில் எங்கிருந்து வரும்?

ஆனால் பழகிப்போன செயல்களை நடத்துவது வேறு பகுதி. மூளையின் ஆழத்தில் இருக்கும் அந்தப் பகுதி பதற்றத்தில் அவ்வளவு எளிதில் முடங்குவதில்லை. சைக்கிள் ஓட்டுகிறவன் பயத்திலும் பிரேக் பிடிக்கிறானே, அந்த மாதிரி. அதனால்தான் சின்னதாக ஒரே ஒரு வரியைக் கண்ணாடி முன் நின்று, வாய்விட்டு, பல நாள் சொல்லிப் பார்ப்பது உதவுகிறது. 'எனக்கு இது பிடிக்கல, நிறுத்து' என்பது போதும். சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். மடக்கிப் பேசுவதோ கத்துவதோ எதிராளிக்கு வேடிக்கையை நீட்டித்துக் கொடுப்பதாகவே முடியும். அடி உதை என்று போய்விட்டால் இந்த வரியெல்லாம் உதவாது. உடனே ஆசிரியரிடமோ வீட்டிலோ சொல்ல வேண்டும். இந்தியாவில் குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-க்கும் போன் செய்யலாம்.

இதில் வேடிக்கை பார்ப்பவர்களின் பங்கு பெரியது. கனடாவின் டொரண்டோவில் டெப்ரா பெப்ளர், வெண்டி கிரெய்க் ஆகிய உளவியலாளர்களின் குழு, பள்ளி மைதானங்களில் கேமராவும் மைக்கும் வைத்துப் பார்த்தது. 2001-இல் வெளியான முடிவின்படி, சீண்டல் நடந்தபோது 88 சதவீதம் தடவை மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருந்தார்கள். குறுக்கிட்டது 19 சதவீதம் தடவைதான். அப்படிக் குறுக்கிட்டபோதோ, பாதிக்கு மேல் பத்தே விநாடிக்குள் சீண்டல் நின்றுவிட்டது.

மற்றவர்கள் ஏன் சும்மா நின்றார்கள்? கல்நெஞ்சம் மட்டும் காரணமாக இருக்காது என்பது என் எண்ணம். 'அடுத்தது நாமோ' என்ற பயம் வந்தால் அவர்கள் முன்மூளையும் படுத்துவிடும். ஆகவே ஒத்திகைக்குப் பக்கத்து பெஞ்ச்காரனையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவனுக்கும் ஒரு வரி பழக வேண்டும்: 'டேய், அவனை விடுடா. நீ வா, நாம போலாம்.'