குப்பத்துச் சாலை பெயர்ந்தால் பணம் எங்கிருந்து வரும்?

தனுஷ்கோடியில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை, கடலுக்கு நடுவே சுமார் 9.5 கி.மீ. போகும் சாலை 2017-இல் திறக்கப்பட்டது. அது தேசிய நெடுஞ்சாலை. மணல் மூடினாலும் ஓரம் அரித்தாலும் செலவு மத்திய அரசின் கணக்கு. அதே கரையில், பிரதான சாலையிலிருந்து மீனவர் குப்பத்துக்குப் பிரியும் இரண்டு கிலோமீட்டர் தார்ச்சாலைக்கு அப்படி ஒரே கதவு கிடையாது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அந்தச் சாலை இருக்கும் பதிவேடுதான் முடிவு செய்கிறது.

மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. மற்றவை ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வரும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன் 110-ஆவது பிரிவு ஊராட்சிச் சாலைகளையும் அவற்றின் பாலம், சிறுபாலங்களையும் கிராம ஊராட்சியின் கடமையாக வைக்கிறது. 112-ஆவது பிரிவு ஒன்றியச் சாலைகளை ஊராட்சி ஒன்றியத்திடம் ஒப்படைக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இரண்டு பேர் இருப்பார்கள். ஒன்றியச் சாலைக்கு ‘வட்டார ஊராட்சி’ அலுவலர், ஊராட்சிச் சாலைக்கு ‘கிராம ஊராட்சி’ அலுவலர். மேசை மாறிப் போன மனு அடுத்த அறைக்கு நகரவே நாளாகும்.

சாலை தொடங்கும் இடத்தில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டப் பலகை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் வேலை பாதி முடிந்தது. இத்திட்டத்தில் சாலை போட்ட ஒப்பந்ததாரரே, முடித்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். அதற்கான தொகை ஆண்டுவாரியாக அதே ஒப்பந்தத்தில் இருக்கும். சாலை போடும் செலவில் மத்திய, மாநிலப் பங்கு 60:40. பராமரிப்புச் செலவு மாநிலத்தின் பொறுப்பு. குழி அடைத்தல், மழை அரித்த ஓரத்தைச் சரிசெய்தல், வடிகாலும் சிறுபாலமும் தூர்வாருதல், முள்செடி வெட்டுதல், அறிவிப்புப் பலகையும் கிலோமீட்டர் கல்லும் பேணுதல் எல்லாம் இதில் அடக்கம். எத்தனை குழி அடைத்தார் என்று எண்ணிப் பணம் தருவதில்லை. பொறியாளர் பார்வையிட்டுப் படத்தோடு ‘இ-மார்க்’ இணையதளத்தில் பதியும் சாலையின் நிலைதான் ஒப்பந்ததாரரின் பணப்பட்டியலுக்கு அடிப்படை. ஆகவே, புகாரில் தேதியிட்ட படம் இருந்தால் அது ஒப்பந்ததாரரின் பணத்தைத் தொடும். ‘மேரி சடக்’ செயலியிலும் புகார் பதியலாம்.

சிக்கல் ஆறாம் ஆண்டில் தொடங்குகிறது. பெரும்பாலான கிராமச் சாலைகளின் மேல்பூச்சு 20 மி.மீ. தார்க்கலவைதான். கடலோரத்தில் ஓரமணல் காற்றில் பறந்ததும் தார் விளிம்புக்குத் தாங்கல் போய்விடும். எதிரே வரும் மீன் வண்டிக்கு ஒதுங்கும் சக்கரம் விளிம்பை உடைக்கும். பிறகு 3.75 மீட்டர் சாலை மூன்று மீட்டராகச் சுருங்கும். ஒட்டுப்போட்டு ஓட்டுகிற கட்டம் அப்போது முடிந்துவிடுகிறது. மேல்பூச்சையே புதுப்பிக்க வேண்டும்.

அதற்கு எவ்வளவு ஆகும்? முதல்வரின் கிராமச் சாலைகள் மேம்பாட்டுத் திட்டம் 10,000 கி.மீ. சாலைக்கு 4,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. கி.மீ.க்குச் சராசரி 40 லட்சம். இரண்டு கிலோமீட்டருக்கு 80 லட்சம் என்றால் சிறிய ஊராட்சியின் வரி வருவாய் அருகில்கூட வராது. நிதி ஆணைய மானியத்திலும் கை கட்டப்பட்டிருந்தது: 2021–26 காலத்துக்கான 15-ஆவது நிதி ஆணையம் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் ஒதுக்கிவிட்டது, சாலைக்கும் மற்ற தேவைகளுக்கும் மீதி 40 சதவீதத்தில்தான் இடம். ஊராட்சிப் பணத்தை மணல் அள்ளவும், ஓரம் கட்டவும், சிறுபால வாய் திறக்கவும் கேளுங்கள். முழுப் புதுப்பித்தலுக்கு ஒன்றியம் வழியாக மாநிலத் திட்டப் பட்டியலில் சாலையைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

புயல் அடித்தால் கணக்கு வேறு. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் மத்திய அரசு 75, மாநிலம் 25 சதவீதம் போடுகின்றன. உடைப்பை அடைக்க, குழாய் பதித்து நீர்வழி விட, தற்காலிக மாற்றுப்பாதை போட இது உதவும், புதுச்சாலைக்கு அல்ல. இங்கே ஒரு சொல்லில் மனு விழலாம். இந்த நிதிக்கான தேசியப் பட்டியலில் புயல், வெள்ளம், சுனாமி உண்டு. ‘கடல் அரிப்பு’ அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. புயலில் உடைந்ததைப் பழக்கத்தில் ‘கடல் அரித்துவிட்டது’ என்று எழுதிக் கொடுத்தால் அதையே காரணம் காட்டி ஒதுக்கலாம். உடைந்த தேதியையும் அன்றைய புயல் அல்லது வெள்ளத்தின் விவரத்தையும் எழுதி, மண் கொட்டி மூடும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். மெல்ல மெல்ல அரிக்கும் கரைக்குப் பேரிடர் தணிப்பு நிதியும் தடுப்புச்சுவர்த் திட்டங்களும்தான் வழி, அவை நீண்ட வேலை.

சாலை வேலையின் மதிப்பீட்டில் அடிக்கடி விடுபடுவது மணல் அகற்றும் செலவு. இன்னொன்று ஓரத்துக்குப் போடும் கிராவல் (சரளை மண்) கொண்டுவரும் தூரம். கடற்கரை மணலை ஓரத்தில் கொட்டினால் ஒரு காற்றுக்கு நிற்காது, அள்ளுவதும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்கு எதிரானது. உண்மையான குவாரித் தூரம் சேராத மதிப்பீட்டுக்கு டெண்டர் போட ஆள் வராது. இருக்கும் அகலத்துக்குள் பழுதுபார்ப்பது ஒன்று. அகலப்படுத்துவதும் தடம் மாற்றுவதும் வேறு, அவற்றுக்கு அந்த விதிகளின்படி அனுமதி தேவைப்படும்.

மனுவில் ‘சாலை மோசம்’ என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கிருந்து எங்கே, எத்தனையாவது மீட்டரில் என்ன பழுது, சாலை போட்ட ஆண்டு, பலகையில் உள்ள தொகுப்பு எண் எல்லாம் இருக்கட்டும். சாலை யாருடையது என்று தெரியாவிட்டால் சாலைப் பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம், பதிலுக்கு 30 நாள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும், மழையில் தார் வேலை நடக்காது. ஆகவே சாலைத் தீர்மானத்துக்கு ஜனவரி, மார்ச் கூட்டங்களே சரி. ஆகஸ்ட் 15-இல் சிறுபாலத் தூர்வாரலை மட்டும் கேளுங்கள்.