லேயாளின் ‘கூச்சப்பார்வை’: மூலச்சொல் சொல்வது வேறு

யாக்கோபு மணந்த அக்காள் தங்கையரில் மூத்தவள் லேயாள், இளையவள் ராகேல். “லேயாளுடைய கண்கள் கூச்சப்பார்வையாயிருந்தது” என்கிறது வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமம் (29:17). இதைக் கேட்டு வளர்ந்த பலருக்கு லேயாள் என்றாலே கண்ணில் ஏதோ குறையுள்ள பெண்தான். மாறுகண் என்பார்கள் சிலர், வெளிச்சம் பட்டால் கூசும் கண் என்பார்கள் சிலர், வெட்கப்பட்டுத் தலை குனிகிற பெண் என்று நினைத்தவர்களும் உண்டு. தமிழில் கூச்சம் வெயிலுக்கும் வரும், வெட்கத்துக்கும் வரும் இல்லையா?

மூலமொழியான எபிரெயத்தில் அங்கே இருக்கும் சொல் ‘ரக்கோத்’. ‘ரக்’ என்பதன் பெண்பால் பன்மை அது, எபிரெயத்தில் கண் பெண்பால் என்பதால் அப்படி வருகிறது. அடிப்படைப் பொருள் மென்மை, இளமை, இளக்கம். ஆபிரகாம் விருந்தாளிகளுக்காக ஓடிப்போய்ப் பிடித்தானே இளங்கன்று, அது ‘ரக்’. கோபத்தை ஆற்றும் ‘மெதுவான பிரதியுத்தரம்’ (நீதிமொழிகள் 15:1), அதுவும் ‘ரக்’. “இனிய நாவு எலும்பையும் நொறுக்கும்” என்ற இடத்தில் அந்த ‘இனிய’ என்பது ‘ரக்கா’, அதாவது லேயாளின் கண்ணுக்குச் சொன்ன அதே சொல்லின் ஒருமை. நாவுக்கு வந்தால் இனிமை, கண்ணுக்கு வந்தால் மட்டும் கோளாறா?

ஆனால் கோளாறு என்று படித்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உபாகமம் 20:8 போருக்குப் பயப்படுகிறவனை ‘மனம் ரக் ஆனவன்’ என்கிறது, அங்கே அது திடமில்லாமைதான். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு லேயாளின் கண்களைப் ‘பலவீனமானவை’ என்றது, ஜெரோம் என்ற பழைய மொழிபெயர்ப்பாளரின் லத்தீன் ‘பீளை கட்டிய கண்’ என்ற அளவுக்கே போய்விட்டது. அரமேய மொழியிலுள்ள ஓங்கெலோஸ் என்ற யூத மொழிபெயர்ப்பு மட்டும் நேர் எதிராக ‘அழகானவை’ என்கிறது. தல்மூத் என்ற யூத மரபு நூலில் இன்னொரு விளக்கம்: மூத்தவள் மூத்தவனுக்கு, இளையவள் இளையவனுக்கு என்று ஊர் பேசியதைக் கேட்டு, யாக்கோபின் அண்ணன் ஏசாவுக்கு வாழ்க்கைப்பட வேண்டுமே என்று அழுது அழுது அவள் இமைமயிரே உதிர்ந்ததாம். குறை என்றே வைத்துக்கொண்டாலும் அழுகையால் வந்த குறை.

அப்புறம் ஒரு எழுத்து. அந்த வசனத்தின் அடுத்த பாதி தமிழில் ‘ராகேலோ’ என்று தொடங்குகிறது. அந்த ‘ஓ’ தங்கையைத் தூக்கி அக்காளை இறக்கிவிடுகிறது. எபிரெயத்தில் இருப்பது ‘வ’ என்ற சிறு இணைப்பு மட்டும். ‘ராகேலும்’ என்றும் படிக்கலாம், ‘ராகேலோ’ என்றும் படிக்கலாம். ‘ஓ’வை எடுத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள், அக்காளுக்குக் கண் அழகு, தங்கைக்கு உருவமும் முகமும் அழகு என்று வசனமே வேறு மாதிரி ஒலிக்கும்.

சரி, தமிழில் எதைப் போடலாம்? ‘மென்மையான கண்கள்’ தப்பில்லை, ஆனால் கண்ணுக்கு மென்மை என்று நாம் பேசுவதில்லை. ‘கனிந்த கண்கள்’ அழகாக இருக்கிறது, ஆனால் நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. என் கணக்கில் ‘இளகிய கண்கள்’தான் பொருத்தம். இளகிய மனசு என்று ஒருவரைச் சொல்லும்போது பாராட்டும் இருக்கிறது, சட்டென்று உடைந்துவிடுவார் என்ற கவலையும் இருக்கிறது; ‘ரக்’ சுமப்பதும் அந்த இரண்டையும்தான். லேயாளின் தோற்றத்தைப் பற்றி வேதாகமம் சொல்வது இந்த ஒரே சொல்தான் என்பதால், அதை முழுசாக அவளுக்குக் கொடுத்துவிடலாம்: “லேயாளுடைய கண்கள் இளகியவையாயிருந்தன.”